மூன்று இருபதுக்கு வந்த அழைப்பு

விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் அவருக்குப் ‘பத்துப்பத்து’ என்றுதான் பெயர். லட்சக்கணக்கில் விலை போகிற கைக்கடிகாரங்களைத் துடைத்து, முள்ளைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தி, கேமரா முன்னால் வைப்பது அவர் வேலை. அப்படி வைத்தால்தான் கம்பெனிப் பெயர் மறையாது. கடிகாரமும் சிரித்த முகமாக இருக்கும். பத்தொன்பது வருடமாக இதே வேலை.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள். அத்தான் பைக்கோடு பள்ளத்தில் சரிந்து இறந்து மூன்று வாரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, அத்தானின் கடிகாரத்தை எடுத்து வைத்தாள். கண்ணாடி தெரியாமல் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

“விழுந்த அதிர்ச்சியிலயே நின்னுருக்கும். கண்ணாடிய மட்டும் தொடச்சுக் குடுடா. மணி தெரிஞ்சா போதும்.”

எதற்கென்று அவருக்குத் தெரியும். விழுந்த அன்றைக்கு மூன்று இருபதுக்கு அத்தான் அக்காவுக்கு ஃபோன் செய்திருந்தார். காலையில் போட்ட சண்டையின் வீம்பில் அக்கா எடுக்கவில்லை. நாலரைக்குத்தான் யாரோ பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். சும்மா கூப்பிட்டாரா, விழுந்து கிடந்து கூப்பிட்டாரா? மூன்று இருபதுக்குப் பிறகு நின்றிருந்தால் அக்கா தேறிவிடுவாள். முன்னால் நின்றிருந்தால் தேறமாட்டாள்.

பார்க்கத் தைரியமில்லாமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஈரப்பஞ்சால் சேற்றை ஊறவைத்து, மரக்குச்சியால் ஓரம் வழித்தார். “ஒன் கடிகாரத்த நம்பினா தினமும் ஆபீசுக்கு லேட்டுதான் மாப்ள” என்று அத்தான் சொல்லிச் சிரிப்பது ஞாபகம் வந்தது. கண்ணீர் கண்ணை மறைத்தது. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அத்தானின் கடிகாரம் பளபளவென்று ஸ்டாண்டில் நிற்கிறது. பத்து மணி பத்து நிமிடம்.

பழைய மணி கண்ணில் பட்டதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். படவில்லை. முள்ளில் அவர் என்றைக்கு மணி பார்த்திருக்கிறார்? தூசி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

“தெரியுதாடா?”

“ஒரு நிமிஷம்க்கா.”

கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை இழுத்து, முள்ளை மூன்று ஐம்பதுக்குக் கொண்டுவந்து அழுத்தினார்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“மூணு அம்பது. அப்ப சும்மாதான் கூப்பிட்டிருக்காரு.”

“ஆமாக்கா.”

மூன்று வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துக் கடிகாரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “கைப்பழக்கத்துல எங்க பத்துப்பத்துக்குத் திருப்பிடுவியோன்னு பயந்துகிட்டே இருந்தேன்டா.”

அவர் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.