மரத்தில் ஏறினால் கேட்கக் கூடாது

கரை ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வாந்தி எடுப்பார்கள், நடுக்கடலில் எழுந்து நிற்பார்கள், அதைவிட மோசம், பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இக்னேஷியஸ் என் தோஸ்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் மகள் ஃப்ளோரன்ஸுக்குத் தன் கையால் ஒரு கடல் மீனாவது பிடித்துவிட வேண்டுமாம். அவள் நச்சரிப்பு தாங்காமல், மழைக்காலம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை விடிகாலை இருவரையும் காசிமேட்டுக் கரைக்கு வரச் சொன்னேன்.

கட்டுமரத்தைத் தள்ளுமுன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "மரத்துல ஏறுனா, அது யாரா இருந்தாலும் சரி, மொத மீனு வெளிய வர்ற வரிக்கும் எங்க போறோம், கெடைக்குமா, பெருசா, சின்னதான்னு ஒரு கேள்வி கூடாது. கேட்டா, கரைக்கு வந்து மண்ணத் தொட்டுட்டுத்தான் மறுபடி போவணும்."

கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் அதைக் கடலுக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறோம்.

ஃப்ளோரன்ஸ் தலையாட்டினாள். இவளாவது வாயை மூடுவதாவது என்று நினைத்துக்கொண்டேன். அலையைத் தாண்டியதும் கேட்டது அவள் இல்லை, அவள் அப்பன்.

"மீனு மாட்டுமா செல்வம்?"

மரத்தைக் கரைக்குத் திருப்பினேன். இக்னேஷியஸ் அசடு வழிய மண்ணைத் தொட்டான். மகள் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "இன்னொரு தபா கேட்டா உன்ன இங்கியே வுட்டுட்டுப் போயிடுவோம்ப்பா." எனக்கு அவளைப் பிடித்துப் போனது அப்போதுதான்.

மறுபடி போனோம். தூண்டிலில் இறாலைக் கோத்து, நைலான் நரம்பை விரலில் சுற்றாமல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கேள்விகளையெல்லாம் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம். வெயில் ஏறிய பிறகு நரம்பு வெடுக்கென்று ஆழத்துக்குப் போனது. அவள் முன்னால் சாய, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ மீனைப் பார்த்தவன், அந்த இழுப்பில் என்னை மறந்துவிட்டேன்.

"பெருசாம்மா மீனு?"

துண்டுக்குள் இக்னேஷியஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஃப்ளோரன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டுட்டீங்களே மாமா. திருப்புங்கோ."

"மரம் என்னுதும்மா. எனக்கு இல்ல அதெல்லாம். நீ மீன இழு."

"யாரா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்கோ."

நரம்பு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துடுப்பை எடுத்தேன்.

இக்னேஷியஸ் அவளைப் பிடித்துக்கொள்ள, மீன் திமிறிக்கொண்டே பின்னால் வந்தது. அலைக்குள் நுழையும்போது நரம்பு அறுந்துவிடுமோ என்று பயந்து செத்தேன். அறுந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது? முழங்கால் தண்ணீரில் குதித்தவள் நரம்போடு மணலில் ஓடினாள். பின்னாலேயே ஒரு பாரை மீன் பளபளவென்று கரையேறித் துள்ளியது.

அவள் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். "மண்ணத் தொடுங்கோ மொதல்ல."

குனிந்து தொட்டேன். எனக்குக் கோபமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகுதான் மீனிடம் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"மீனு வெளிய வந்துடுச்சி, இப்ப சொல்லலாம்," என்றாள். "பெருசுதான் மாமா."