ஞாயிற்றுக்கிழமை ஓடாத பஸ்

அந்தச் சனிக்கிழமை மதியம் போபோடியில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா ஐசக். அம்மா ஃப்ளோரா. அம்மாவின் தம்பி ஜோபின் மாமா, கோந்த்வாவிலிருந்து ஸ்கூட்டரில் மழையில் நனைந்து வந்தவர். என் அக்கா ஃபேபியோலா, எனக்கு ஃபேபிக்கா. அப்புறம் திரைக்கு இந்தப் பக்கம், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நான்.

நான் தூங்குவதாக நினைத்து அவர்கள் கிசுகிசுத்தார்கள். எங்கள் வீட்டில் பகலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு நான் இரவு வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். ஒரே அறை, நடுவில் கயிற்றில் ஒரு திரை, பின்னால் சமையல் மேடை. குக்கர் விசிலடிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். அரிசி பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும், யாரும் குறை சொல்வதில்லை. அக்கா பாத்திரம் துலக்கும்போது தொட்டிக்குள் பழைய துண்டை விரித்துக்கொள்வாள். அப்பாவுக்கு உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டுவார். ஒருமுறை சர்ச்சிலிருந்து வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே நின்று, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

அன்றைக்கு அவர்கள் போட்டுக்கொண்டிருந்தது மறுநாள் பயணத்தின் திட்டம். லோனாவளாவுக்கு அப்பால் மலைமேல் ஒரு மடம் இருக்கிறது. அடைப்பு மடம். உள்ளே போன கன்னியர் வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது எதுவும் கிடையாது. ஜெபம், தோட்டம், மௌனம். வீட்டார் போனால் கம்பித் தட்டிக்குப் பின்னால் முகம் காட்டுவார்கள், அதுவும் வருடத்தில் சில தடவைதான். ஃபேபிக்கா நாளைக்கு அதற்குள் போகிறாள். போன ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் மைக்கில் அறிவித்தார். மொத்தக் கோவிலும் கைதட்டியது. அப்பா எழுந்து நின்று நாலு பக்கமும் தலையாட்டினார், எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி.

"கட்கில லோக்கல் ஏறுனா நேரா லோனாவளா. அங்கருந்து எஸ்.டி. பஸ்," என்றது மாமாவின் கிசுகிசுப்பு. "ஆனா நான் சொல்றதக் கேளுங்க அத்தான். ஒரு டாக்சி பேசிருவோம். மழைக்காலம்."

"சேசுகிட்ட போறதுக்கு டாக்சியாக்கும்?"

"ஏன், பஸ்ல போனாத்தான் கதவத் தொறப்பாராக்கும்?"

"ரெண்டு கிலோவுக்கு பிரியாணி போட்டா மடத்துச் சிஸ்டர்மாருக்கும் காணும்," என்றாள் அம்மா. அழுதுகொண்டே சொன்னாள், மூக்கு அடைத்திருந்தது. அக்கா என்னவோ சொன்னாள். அந்த வீட்டுக் கிசுகிசுப்புகளிலேயே மெலிந்தது அவளுடையது. அம்மாவுக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது. "அங்க கறி தொடமாட்டாங்கம்மா."

"மட்டன் நான் வாங்கியாறேன்," என்றார் மாமா. "திரும்புறப்போ புஷி டேம் பாத்துருவோம். மழைக்கு மஸ்த்தா இருக்கும். சிக்கி வாங்கணும், லோனாவளாக் கடலைமிட்டாய்னா ஆபீஸ்ல கேப்பாங்க."

நான் திரையை இழுத்தேன். கயிறு அறுந்து மொத்தமும் விழுந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா உதட்டில் விரலை வைத்து மாமாவைப் பார்த்தார், நான் விழித்துவிட்டேன் என்பதுகூட அவர் மூளைக்குப் போகவில்லை.

"புஷி டேம்," என்றேன். "பஜ்ஜி சாப்பிடலையா மாமா? போட்டோ எடுத்துக்கலையா?"

"ஏல ரயன், நீ முழிச்சிட்டியா?"

"நாளைக்கி ஒரு ஆளப் பொதைக்கப் போறோம். அதுக்கு சிக்கி வாங்குறீங்க."

அம்மா சத்தமாக அழுதாள். அந்த அறையில் பகலில் அவ்வளவு சத்தம் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா எழுந்து வந்து என்னெதிரே நின்றார். அவர் ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர், எல்லாவற்றையும் கணக்கில் வரவு வைத்தே பழக்கம். "நம்ம வம்சத்துல ஒரு பிள்ளைய ஆண்டவருக்குக் குடுக்குறோம். அத வாழ்த்த ஒனக்கு வாயில்ல. ஏல, ஒன்னால ஒரு டிகிரி குடுக்க முடிஞ்சுதா?"

"குடுக்குறதுக்கு அவ என்ன ஒங்க ஸ்டோர் சாமானா?"

"ரயன்," என்றாள் அக்கா. அவ்வளவுதான். அவள் தரையில் உட்கார்ந்து, விழுந்த திரையை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. என்ன நினைக்கிறாள் என்று அந்த முகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஏன் போகிறாய் என்று ஆறு மாதமாக அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிடுகிறார், போகிறேன் என்றாள். யார், எப்போது, எந்த நம்பரிலிருந்து என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எனக்கு அந்த மலைக்குப் போகும் பஸ் ஞாபகம் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் கிருஷ்ணாவுக்கு அந்த மலையடிவாரத்தில்தான் ஊர். பத்து மணி பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக விட்டது, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அது வராது, ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்குப் போக நாய்படாத பாடு என்று அவன் புலம்பியிருக்கிறான். மடத்தில் அக்காவைப் பகல் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு முன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்த ஏற்பு ஈஸ்டருக்குப் பிறகுதான் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். மழைக்கால ஞாயிற்றுக்கிழமையில் லோனாவளாவில் டாக்சி கிடைக்காது. மும்பைக்காரர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள். ரோடும் அடைத்துக்கொண்டிருக்கும்.

நான் போனை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

"சரி. நான் பாத்துச் சொல்றேன். டாக்சி வேண்டாம், அப்பா சொல்றதுதான் சரி. லோக்கல்ல போயிட்டா ஸ்டாண்டுல பத்து மணிக்கு பஸ். மேல போக முக்கால் மணி நேரம். பன்னெண்டுக்கு முன்னாடி சாவகாசமாப் போயிரலாம்."

"பாத்தியா," என்றார் மாமா, அம்மாவிடம். "பையன் நல்லவன். தூக்கம் கெட்டாத்தான் பிசாசு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரயில் டிக்கெட்டுக்கான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தன ரிட்டர்ன்?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அப்பா சுவரைப் பார்த்தார். மாமா ஈரச் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நாலு," என்றாள் அக்கா. "எனக்கு சிங்கிள் போடு."

மறுநாள் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பிரியாணிச் சட்டியை மாமா மடியில் வைத்துக்கொண்டிருந்தார், வெள்ளைத் துணியால் கழுத்தைக் கட்டி. தளேகாவ் வரைக்கும் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். தளேகாவில் ஏறிய ஒரு கும்பல் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடியது. அப்பா ஜெபமாலையை உருட்டினார். அக்காவிடம் ஒரே ஒரு பை, ஸ்கூல் பை அளவு. அதற்குள் என்ன கொண்டு போகலாம் என்பதையும் அவர்கள்தான் எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்கு எதன்மேலும் இரக்கம் வரவில்லை. என் திட்டம் வேலை செய்யும் என்ற சந்தோஷம் மட்டும் பல் வலி மாதிரி உள்ளே துடித்துக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் பத்து மணி ஆனது, தாண்டியது. மழை தகரக்கூரையில் விழுந்த சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மாமா கன்ட்ரோலர் ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆஜ் ரவிவார். காடி நாஹி." இன்றைக்கு ஞாயிறு, வண்டி இல்லை.

"நாஹி மணஜே? நாஹின்னா என்னய்யா அர்த்தம்?" மாமா மராத்தியில் ஆரம்பித்துத் தமிழில் கத்தினார். அப்பா என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நீ பாத்துச் சொன்னியேல. பாத்துத்தான சொன்ன?"

"போன்ல அப்படித்தான் இருந்துச்சு," என்றேன்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் எதுவோ இளகியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அவளும் இதைத்தான் வேண்டியிருந்தாள். ஈஸ்டர் வரைக்கும். எட்டு மாதம் போனால் மனசு மாறும், ஏதாவது வரன் வரும், யாராவது சாவார்கள், எதுவோ நடக்கும்.

அக்கா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ரோட்டைத் தாண்டினாள். அங்கே நின்ற ஒரு பழைய ஜீப்பின் கதவைத் தட்டினாள். காய்கறிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து டிரைவர் இறங்கி அவளுக்குக் கும்பிடு போட்டார், ரொம்ப நாள் தெரிந்தவர் போல. அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

"மடத்துக்குக் காய் ஏத்திட்டுப் போற வண்டி," என்று ஏறும்போது சொன்னாள். "நேத்தே சொல்லி வச்சிட்டேன்."

அப்பா, "ஆண்டவர் சித்தம் பாத்தியா," என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜீப் மடத்துக்குக் கீழே நின்றது. அதற்கு மேல் படிகள். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அம்மா பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலறைச் சுவரில் இருந்த சுழல் பெட்டியில் வைத்தாள். உள்ளிருந்து யாரோ அதைத் திருப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே திரும்பி வந்தது. உள்ளே இருந்த குரல் ஹிந்தியில் நன்றி சொல்லி, நாங்கள் மாமிசம் சாப்பிடுவதில்லை அம்மா என்றது. அம்மா அவமானத்தில் நின்றாள். அக்கா சட்டியை வாங்கி, படியின் ஓரத்தில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, துணியை அவிழ்த்துக் கையால் சாப்பிட ஆரம்பித்தாள். எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மற்ற மூன்று பேரும் கோவிலுக்குள் இருந்தார்கள்.

"நீ அந்த பஸ் ஓடாதுன்னு தெரிஞ்சுதான சொன்ன?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும் தெரியும். நாலஞ்சு தடவ வந்திருக்கேன்ல. ஒரு ஞாயித்துக்கெழம மழைல கீழருந்து நடந்தே ஏறுனேன்."

"அப்ப ஏன் நேத்து சொல்லல?"

"சொன்னா நீ வேற எதாச்சும் யோசிப்ப."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஃபேபிக்கா, ஒனக்குப் பைத்தியமா? பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வெளிய வரக்கூடாது. ஜெயில்லகூட பரோல் உண்டு. அப்பா கைதட்டு வாங்குறதுக்கு நீ ஏன் சாகணும்?"

அவள் விரலை நக்கினாள். "மொதத் தடவ வந்தப்போ மதர் கேட்டாங்க. மௌனம் கஷ்டமா இருக்கும், ஓடிப் போற பொண்ணுங்கள்லாம் அதுக்குத்தான் ஓடுறாங்கன்னாங்க. எனக்குப் பழக்கம்தான் மதர்னு சொன்னேன். வீட்ல பகல்ல தம்பி தூங்குவான்னு சொன்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். முன்பெல்லாம் அவள் எங்கள் வீட்டில் சாயங்காலம் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள், பத்துப் பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு சொல்லும். நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் அது நின்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. என் சம்பளத்தில் ஃபிரிட்ஜ் வந்தது.

"நான் சத்தம் போடாதன்னு எப்பவாச்சும் சொன்னேனா?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. "ஒரு தடவ? ஒரே ஒரு தடவ?"

"இல்ல. நீ சொல்லல."

"இப்ப அதுக்குப் பழி வாங்குறியா?"

"சேச்சே. அங்க நாலு பேர் கத்துறாங்கடா, கோரஸா. ஒரு நாளைக்கு ஏழு தடவ பாடணும். பாட்டுக்கு மட்டும் மௌனம் இல்ல." அவள் சட்டியை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. கறி நல்லா வெந்திருக்கு. அம்மா நேத்து விசில் விட்டாங்க."

நான் சாப்பிடவில்லை. சட்டியை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. அவள் மழைத்தண்ணீரில் கை கழுவிவிட்டு எழுந்தாள்.

கதவு பழைய தேக்கு. வெளியில் நாங்கள் நாலு பேர், ஒரு ஃபாதர். அங்கே ஒரு வழக்கம், உள்ளே போகிறவள் தானே தட்ட வேண்டும். உள்ளிருந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அவள் தட்டினாள். கேட்டார்கள்.

"உள்ளே வரணும்," என்றாள் ஃபேபிக்கா. தமிழில் சொன்னாள், கத்திச் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அது சுவரில் மோதி, பள்ளத்தாக்குப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அப்பாகூட ஒரு அடி பின்னால் வைத்தார். உள்ளே இருந்தவர்களுக்குத் தமிழ் புரிந்திருக்காது. கதவு திறந்தது. வெள்ளை முக்காட்டில் இரண்டு முகங்கள். அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவிடம் நெற்றியில் சிலுவை வாங்கினாள், மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். என் தலைமயிரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வாசற்படியைத் தாண்டினாள்.

கதவு மூடவில்லை. மழையில் மரம் ஊறி உப்பியிருந்தது. ஒரு கையகலம் திறந்தபடி நின்றுவிட்டது. உள்ளே இழுத்தார்கள், அசையவில்லை. இடைவெளியில் அக்காவின் தோளும் பையின் வாரும் தெரிந்தன. அம்மா, "ஃபேபி," என்றாள். ஒரு கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"பாஹர் ஸே தோடா தக்கா தீஜியே," என்றது உள்ளிருந்து ஒரு குரல். வெளியிலிருந்து கொஞ்சம் தள்ளுங்கள்.

ஃபாதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார், அசையவில்லை. கைதட்டு வாங்கிய மனுஷன். மாமா சட்டியைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"தள்ளுங்க," என்று எல்லோரையும் விலக்கினேன். தோளைக் கொடுத்தேன். முதல் தடவை அது முனகியது. இரண்டாவது தடவை, எனக்கு இருந்த மொத்தக் கோபத்தையும் வைத்து மோதினேன். மரம் மரத்தோடு போய் அறைந்து உட்கார்ந்தது. என் கன்னம் ஈரத் தேக்கில் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி திரும்பியது.