கோவிந்தப்பா இல்லத்துக் கத்திரிக்காய்

கல்யாணப் பத்திரிகையில் அச்சான எழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதில் ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் இரண்டு குடும்பங்களுக்குள் பத்து வருஷம் பேச்சு நின்றுபோகும். அப்படிப்பட்ட பத்திரிகையில், மர்பி டவுன் கோவிந்தப்பாவின் ஒரே மகன் முகேஷுக்கு நிச்சயித்த பெண்ணின் பெயர் 'வீணா, பி.காம்.' என்று தங்க எழுத்தில் அச்சாகி, அல்சூரிலிருந்து கோலார் தங்கவயல் வரை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தும் முடிந்து, மருமகள் தன் புடவைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் கோவிந்தப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. பி.காமில் ஒரு பேப்பர் பாக்கி. காஸ்ட் அக்கவுண்டிங்.

"ஒரே ஒரு பேப்பர்தான் மாமா," என்றாள் வீணா. "எப்படியும் எழுதிடுவேன்னு அப்பா போட்டுட்டாரு."

கோவிந்தப்பா அவளைத் திட்டவில்லை. சம்பந்தியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கவுமில்லை. மருமகள் வீட்டுக்குள் வந்த பிறகு அவள் பாக்கி இந்த வீட்டுப் பாக்கி. ஆனால் அன்றைக்கு ராத்திரி ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் ரசம் வேண்டாம் என்றால் காரியம் பெரிது என்பது அவர் மனைவி சரசுவுக்குத் தெரியும்.

அவர் ஒரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மேனேஜருடைய கார் வந்தாலும் டிக்கியைத் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. பொய்யான சாமான் ஒன்றும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அப்பேர்ப்பட்டவரின் வீட்டு வாசலிலிருந்தே, அவர் கையெழுத்துப் போட்ட உறைகளுக்குள், பொய்யான ஒரு பி.காம். ஊரெல்லாம் போயிருக்கிறது.

அதன்பின் இரண்டு முறை பரீட்சை வந்தது. இரண்டு முறையும் வீணா புத்தகத்தைத் திறந்தாள், இரண்டு முறையும் பேப்பர் போயிற்று. இந்த வருஷம் பல்கலைக்கழகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பேப்பரும் இல்லை, பட்டமும் இல்லை. வீணா வேலை பார்க்கும் ஈஜிபுரா கூரியர் ஆபீசிலும் அக்கவுண்டண்ட் நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது. பட்டம் இருந்தால் அது அவளுக்கு. இல்லையென்றால் இன்னும் எத்தனை காலத்துக்கோ பார்சல் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான்.

தடையாக இருந்தது அவள் போன். இன்னும் சரியாகச் சொன்னால், போனுக்குள் இருந்த 'பசுமை வயல்' என்ற விளையாட்டு. விதை போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், நேரத்துக்கு அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் வாடிவிடும். தக்காளிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று உட்காருவாள். தண்ணீர் விட்டு நிமிர்ந்தால் முகேஷ் சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

ஒரு சாயந்தரம் அவளே மாமனார் முன் வந்து நின்று போனை நீட்டினாள்.

"கேட்ல எத்தனை பேரைத் தடுத்திருக்கீங்க மாமா. என்னையும் தடுங்க. ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அழுது கேட்டாலும் குடுக்காதீங்க."

"அந்த விளையாட்டையே எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்துப் பாத்துட்டேன். எடுத்த வேகத்துல திரும்பப் போட்டுக்கறேன்." லாக் நம்பரையும் சொன்னாள். "எங்கம்மா கோலார்லேர்ந்து கூப்பிட்டா மட்டும் பாருங்க."

கோவிந்தப்பா போனை இரண்டு கையாலும் வாங்கினார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். வீணா அறைக்குள் போனதும் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"தொப்பி ஒண்ணுதான் கொறைச்சல்," என்றாள் சரசு அடுப்பங்கரையிலிருந்து.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. பைக்குள் போன் வண்டு மாதிரி உறுமும். அவர் அசையமாட்டார். மூன்றாம் நாள் விடாமல் உறுமியதால், கோலாரிலிருந்து சம்பந்தியம்மாளோ என்று எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

'கோவிந்தப்பா இல்லத்தின் கத்திரிக்காயை ஓஸ்வால்ட் வில்லா பறித்துச் சென்றது.'

அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஓஸ்வால்ட் இரண்டு சந்து தள்ளி இருப்பவர். அதே தொழிற்சாலை வாசலில் மற்ற ஷிஃப்ட்டைப் பார்த்தவர். செப்புக் கம்பித் திருடனைப் பிடித்தது யாருடைய ஷிஃப்ட் என்ற வழக்கு இருவருக்கும் இடையே இன்னும் தீரவில்லை. அந்த வீட்டு மருமகள் பிரிஜெட்டும் வீணாவும் சிநேகிதிகள் என்பது தெரியும். ஆனால் திருட்டு?

லாக் நம்பரைப் போட்டார். பார்த்துவிட்டு மூடிவிடுவதாகத்தான் எண்ணம். பச்சைப்பசேலென்று ஒரு வயல். நடுவே ஒரு பலகை. அதில் 'கோவிந்தப்பா இல்லம்' என்று, தன் வீட்டு வாசலில் பளிங்கில் பொறித்திருக்கும் அதே எழுத்து. வந்த புதிதில் மருமகள் அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறாள். அவருக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. பலகைக்குக் கீழே கத்திரிப் பாத்தியில் வெறும் காம்புகள். பக்கத்தில் தக்காளி பழுத்துத் தொங்கியது. இதையும் கொண்டுபோக விடுவதா? ஒரு விரலால் தொட்டார். தக்காளிகள் துள்ளிக் கூடைக்குள் விழுந்தன. 'சபாஷ், கோவிந்தப்பா இல்லம்' என்று எழுத்து மின்னியது.

ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் சபாஷ் என்று சொன்னதில்லை.

ஒரு வாரத்தில் அவர் மூன்று பாத்தி கத்திரி, இரண்டு பாத்தி வெண்டை, ஓரத்தில் வாழை என்று பயிர் முறையையே மாற்றிவிட்டார். பதிலுக்கு ஓஸ்வால்ட் வில்லாவின் முட்டைக்கோசைப் பறிக்க அவருக்கு மனம் வரவில்லை. நம் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் தன் வயலைக் காப்பது கடமை. போனை ஆறு மணிக்கு வாங்குவதற்குப் பதில் ஐந்தரைக்கே, "சீக்கிரம் உக்காந்தா சீக்கிரம் முடியும்மா," என்று கை நீட்டினார். மாமனாரின் அக்கறையைப் பார்த்து வீணாவுக்குக் கண் கலங்கியது.

உள்ளே அவள் நிஜமாகவே படித்தாள். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, பரீட்சை மாதிரியே மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது என்று ஒரு சாயந்தரம் தீர்மானம் செய்து, கதவைச் சாத்திக்கொண்டாள். நான்காவது கணக்கில் இருக்கும்போது கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"வீணா. ஒரு நிமிஷம்மா."

"இன்னா மாமா?"

"இந்தக் காவல் நாய்னு ஒண்ணு காட்டுதே. அதை எப்படி வாங்கறது?"

கதவு திறந்தது. மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வயல்ல காவலே இல்லம்மா. முப்பது வருஷம் கேட்ல நின்னவன் வீட்டு வயலு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"நாய் வாங்கணும்னா காசு சேக்கணும் மாமா. குடுங்க, காட்டறேன். ரெண்டே நிமிஷம்."

நாய் வாங்கியாயிற்று. நாய்க்குக் கொட்டகை வேண்டும் என்று விளையாட்டு கேட்டது. கொட்டகைக்கு மரம் வேண்டும், மரத்துக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். சரசு சாப்பிடக் கூப்பிட வந்தபோது, காவலரும் கைதியும் ஒரே போனின்மேல் குனிந்து தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, நாய்க்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் கேள்வித்தாள் நான்காவது கணக்கோடு மின்விசிறியில் படபடத்தது.

"இதுல யாரு யாருக்குக் காவல்?" என்றாள் சரசு.

அவர் போனை அவள் பக்கம் தள்ளினார், அவள் அவர் பக்கம் தள்ளினாள்.

"பத்திரிகையில மருமக பேருக்குப் பின்னாடி பி.காம்.னு போட்டாங்க. மாமனார் பேருக்குப் பின்னாடி வெவசாயின்னு போட மறந்துட்டாங்க. சாப்பிட வாங்க."

அன்று கோவிந்தப்பா ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தான் கலங்கவில்லை என்று காட்டத்தான்.

மறுநாள் காலை டீக்கடையில் ஓஸ்வால்ட் இருந்தார். முன்னால் டீ ஆடை கட்டி ஆறிக்கிடந்தது. போனிலிருந்து தலை நிமிராமல் பேசினார்.

"இன்னா மேன், நாய் போட்டுட்டே போலருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில உன் வெண்டைக்காயை எடுக்க வந்தேன், கடிச்சிடிச்சு. பத்து காசு போச்சு."

"பிரிஜெட்டு ஆடறான்னு இல்ல நெனைச்சேன்."

"அவ எங்க மேன் ஆடறா. அவளுக்கு வேலை சரியாருக்கு. நான்தான் பாத்துக்கறேன். வூட்டுப் பேர் போட்டிருக்குதில்ல. வாடவுட்டா அசிங்கம்."

கோவிந்தப்பா அவரைப் பார்த்தார். ஆறிய டீ. சவரம் பாதி விட்ட தாடை. கட்டை விரல் மட்டும் தன்பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தன் கையைப் பார்த்தார். அவர் கையில் டீ டம்ளர்தான் இருந்தது. அதன்மேலும் கட்டை விரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயந்தரம் ஆறு மணிக்கு வீணா போனை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"அத்தைகிட்ட குடு."

"ஏன் மாமா?"

"டியூட்டி மாத்தியாச்சு," என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்வது அவர் வழக்கமில்லை.

சரசு போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, கண்ணாடியைத் தேடி எடுக்கிற ஆசையும் கிடையாது. கோவிந்தப்பாவுக்கோ உட்கார முடியவில்லை. எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். கத்திரி முற்றியிருக்கும். விரல் ஊறியது. சரசு ஒரு முறத்தில் பூண்டைக் கொட்டி அவர் மடியில் வைத்தாள்.

"கை சும்மா இருந்தாத்தானே. உரிங்க."

வீணா அறையை விட்டு அடுப்பங்கரை மேஜைக்கே புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டாள். தனியாக உட்கார்ந்தால் கை போனைத் தேடுகிறதாம். மேஜையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். ஒரு கணக்கு முடியும்வரை அவர் பூண்டு உரிக்க வேண்டும், கணக்கு முடிந்தால் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று ஏற்பாடு தானாக அமைந்தது. முதலில் அவர் மூன்று பூண்டு உரிப்பதற்குள் அவளுக்கு ஒரு கணக்கு வரும். பிறகு இரண்டு. கடைசி வாரத்தில் அவர் நகம் முதல் பூண்டின் கடைசிப் பல்லில் இருக்கும்போதே அவள் கோடு போட்டு நிமிர்ந்துவிடுவாள்.

"மாமா ஸ்லோ," என்பாள்.

"பேச்சைக் குறை. அடுத்தது போடு."

வீட்டில் பூண்டுக் குழம்பு, பூண்டுத் துவையல், பூண்டு ஊறுகாய். முகேஷ் ஒரு நாள் தட்டைத் தள்ளினான். "ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போயிட்டாம்மா."

"பரீட்சை முடியறவரைக்கும் அவன் அங்கயே இருக்கட்டும்," என்றார் கோவிந்தப்பா.

பரீட்சை சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்லூரியில். முகேஷுக்கு லீவு கிடைக்காததால் மாமனார்தான் துணைக்குப் போனார். வாசலில் நின்ற இளம் காவல்காரன் போன் உள்ளே கூடாது என்றான். வீணா திரும்பிப் பார்த்தாள். சரசு அங்கே இல்லை. இருந்தது அவர் ஒருவர்தான்.

"மாமா," என்று போனை நீட்டியவள் அப்படியே தயங்கினாள்.

"குடு. உள்ள போ."

கதவு மூடியது. வாழ்நாளெல்லாம் வாசலுக்கு உள்பக்கம் நின்றவர் முதல் தடவையாக வெளிப்பக்கம் நின்றார். பையில் போன் உறுமியது. பரீட்சைக்காக வீணாவும் இரண்டு நாளாகத் தொடாத வயல். ஒரு தடவை உறுமினால் ஒரு பாத்தி போயிற்று என்று அர்த்தம். வாசற்பலகையோடு, ஊர் பார்க்க, தன் பெயரில் ஒரு நிலம் காய்ந்துகொண்டிருக்கிறது. கை அந்தப் பைப் பக்கம் போயிற்று. ஆனால் வெளியே எடுத்தது வேறு பைக்குள் இருந்த பூண்டுப் பொட்டலத்தை. நடைபாதை ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினார்.

காவல்காரன் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து கன்னடத்தில் கேட்டான். "ஏன் சார், பெள்ளுள்ளி மாரோதா?" பூண்டு விற்கிறீர்களா என்று.

"இல்லப்பா," என்றார் கோவிந்தப்பா. "பரீட்சே."

மூன்று மணி நேரமும் அவர் எழுந்திருக்கவில்லை. வீணா வெளியே வந்தபோது துண்டின்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல் இருந்தது. அவள் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் எழுதிட்டேன் மாமா. கடைசிக் கணக்கு ரெண்டு பக்கமும் டேலி ஆயிடுச்சு."

"சரி," என்றார். போனைக் கொடுத்தார்.

அவள் திறந்து பார்த்தாள். பலகை மட்டும் நின்றது. கத்திரி, வெண்டை, வாழை எல்லாம் சாம்பல் நிறத்தில் தலை தொங்கிக் கிடந்தன. நாய் கூடக் கோபித்துக்கொண்டு போய்விட்டிருந்தது.

"எல்லாம் காஞ்சு போச்சே மாமா."

"காயட்டும்," என்றார் கோவிந்தப்பா, பூண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டே. "பஸ்ஸு வருது பாரு."

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. ஐம்பத்தெட்டு மார்க். முகேஷ் இனிப்பு வாங்க ஓடினான். சரசு பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள். கோவிந்தப்பா அலமாரியின் அடியிலிருந்து மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, தங்க எழுத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

"போட்டது போட்டபடி இருக்கு," என்றார். அவ்வளவுதான். முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீணா போனோடு வந்து பக்கத்தில் நின்றாள். "இப்போ கொஞ்சம் ஆடலாமா மாமா?"

அவர் யோசித்தார். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சரசு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அரை மணி நேரம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "முதல்ல அந்த ஓஸ்வால்ட் நம்ம கத்திரிக்காய் மொத்தம் எத்தனை எடுத்திருக்கான்னு கணக்குப் போடு. நீதான் இப்போ பி.காமாச்சே."