எரியாத சோப்பு

கஸ்தூரி நாலு சிவப்பு சோப்பு கேட்டாள்.

"நாலா? எருமை ஏதாவது குளிப்பாட்டப் போறீங்களா?" என்று சிரித்தாள் சந்திரகலா. திருவூடல் தெருவில் அவளும் அவள் கணவன் பலராமனும் நடத்தும் மளிகைக் கடை அது.

கஸ்தூரி சிரிக்கவில்லை. நீட்டிய கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் சந்திரகலா பார்த்துவிட்டாள். விரல்களெல்லாம் சிவந்து, வெடித்து, நீர் கசிந்திருந்தது.

"கரப்பானா?"

"ஒட்டிக்காதுக்கா!" என்று பதறினாள் கஸ்தூரி. "சின்ன வயசுலேருந்து வரும், போவும். இப்பத்தான் ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு. நர்ஸ் ட்ரெயினிங்குக்கு செலக்ட் ஆயிருக்கேன். இன்னும் பதினோரு நாள்ல வேலூர்ல மெடிக்கல் செக்கப். இந்தக் கையைப் பாத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் அப்பாசாமியின் ஒரே மகள் அவள். அந்த 1979ஆம் ஆண்டு வரை அவர்கள் குடும்பத்தில் யாரும் உத்தியோகத்துக்குப் போனதில்லை. ஆர்டர் வந்த நாளிலிருந்து, நர்ஸின் கை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று தினம் ஆறு தடவை சிவப்பு சோப்பைத் தேய்த்தாள். எரிந்தால்தான் கிருமி சாகிறது என்று நம்பினாள். பிறகு கோயில் விபூதியை இரண்டு கையிலும் பக்தியோடு அப்பிக்கொள்வாள். கை நாளுக்கு நாள் மோசமானது.

"அய்யோ, எரியறது சுத்தமாவறது இல்லம்மா, தோலு அழறது" என்றாள் சந்திரகலா. "என் பொண்ணுக்கும் இதே தோலுதான். ரெண்டு வயசு. நானும் இப்படித்தான் தேச்சுத் தேச்சு அவளை அலற வெச்சேன். அப்புறம் டாக்டரம்மா திட்டித்தான் புத்தி வந்துச்சு. நுரையும் வாசனையும் கம்மியா இருக்கணும்னாங்க. விபூதியும் ஈரத்தை இழுத்துடும். நெத்தியில வெச்சுக்கோ."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"அண்ணாமலையார் அதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டாரு."

சிவப்பு சோப்பைத் தர அவள் மறுத்துவிட்டாள். அலமாரியிலிருந்து மூன்று சோப்புகளை எடுத்து உறையைப் பிரித்தாள். ஒன்று சந்தனம், ஒன்று வேப்பெண்ணெய், மூன்றாவது கண்ணாடி போன்ற கிளிசரின் சோப்பு. பார் சோப்பு அறுக்கும் கம்பியால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அறுத்தாள்.

"ஏய், பிரிச்ச சோப்பை யாரு வாங்குவா?" என்று கத்தினான் பலராமன்.

"நீங்க குளிங்க. தெருவே சந்தோஷப்படும்."

பலராமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டுகளைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

"கையில போட்டுடாத. முழங்கை மடிப்புல ஒவ்வொண்ணையும் ரெண்டு நாள் போட்டுப் பாரு. அதுவரைக்கும் கைக்கு வெறும் தண்ணிதான். துடைக்கும்போது ஒத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ணெய் தடவு" என்றாள் சந்திரகலா.

அன்று முதல் அப்பாசாமியின் வீட்டில் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போன்ற பரபரப்பு. விடிந்ததும் அவர் மகளின் முழங்கையைத்தான் முதலில் பார்ப்பார். கடலை உடைக்க உட்கார்ந்தவளை, "கை வெச்சே, தெரியும் சேதி!" என்று விரட்டினார்.

சந்தன சோப்பு முதல் நாளே அரித்தது. "வாசனையா இருக்கறதெல்லாம் மோசம் பண்ணுதே" என்று அதைத் தூக்கி எறிந்தார் அப்பாசாமி. வேப்பெண்ணெய் சோப்பில் எரிச்சல் இல்லை. ஆனால் இரண்டாம் நாள் தோல் இழுத்துப் பிடித்தது. மிச்சம் ஒன்றுதான். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

ஆறாம் நாள் காலை அப்பாசாமி வெளிச்சத்தில் அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரிக்குதா?"

"இல்ல நைனா."

"எரியுதா?"

"இல்ல நைனா!"

"அண்ணாமலைக்கு அரோகரா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு எழுந்து நின்றது. அன்றே கஸ்தூரி பஸ் ஏறிப்போய் ஒரு முழு கிளிசரின் சோப்பு வாங்கி வந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி பிரித்த மூன்று சோப்புகளுக்குள் ஆண்டவன் இதை வைத்திருந்தானே என்று வழியெல்லாம் கண் கலங்கினாள். வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின.

வேலூரில் டாக்டர் எடை பார்த்தார், கண் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். லேசான சிவப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"கரப்பான் இருந்திருக்கு போலிருக்கே?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஆமாங்க சார். பத்து நாள் முன்னாடி ரொம்ப இருந்துச்சு."

"வார்டுல நாளைக்கு இருபது தடவை கை கழுவணும். அங்க காரமான சோப்புதான் வெச்சிருப்பாங்க. என்ன பண்ணுவே?"

கஸ்தூரிக்குப் பதில் தெரியும். "எனக்கு ஒத்துக்கற சோப்பைக் கையோட கொண்டு வருவேன் சார். சொரசொரன்னு தேய்க்காம, சோப்பு மிச்சமில்லாம நல்லா அலசுவேன். ஒத்தித் துடைச்சு உடனே எண்ணெய் தடவிக்குவேன். மூணு சோப்பை முழங்கையில போட்டுப் பாத்துத்தான் இதைக் கண்டுபிடிச்சோம்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "மூணுமா? எல்லாத்தையும் சொல்லு."

அவள் சொன்னாள். விபூதியையும் மறைக்கவில்லை. அவர் சிரித்தார், திரும்பப் பேனாவைத் திறந்து 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வார்டுக்கு வர்ற தாய்மாருங்ககிட்டயும் இதே மாதிரி சொல்லும்மா. நாங்க சொன்னா பயந்துக்கறாங்க."

வெளியே காத்திருந்த அப்பாவிடம் கஸ்தூரி ஓடி வந்தாள். "நைனா, திங்கக்கிழமை சேரணும்!"

"திங்களா? அண்ணாமலையார் கிழமையாச்சே!" என்று அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரென்றே தெரியாத வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.