சர்க்கரை இருந்த இடம்

"சத்தமா சொல்லு. அந்த ஆளுங்க மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்க" என்றாள் அம்மா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

பெரியவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தாள். "நிலவியல் என்பது பூமியின் அமைப்பையும் வரலாற்றையும்..."

"போதும். அந்த ஆளு தூங்கிட்டான்."

பக்கத்துக் கட்டில்காரி கூடச் சிரித்துவிட்டாள். அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தபடி "கதை வேண்டாம், எங்க போகணும்னு சொல்லுங்க" என்று ஊரையே மிரட்டிப் பழகியவள். நேர்முகத் தேர்வு நடத்த அவளைவிட்டால் ஆள் ஏது?

நிஜமான தேர்வு அடுத்த வாரம். பெரியவள் கேட்ட படிப்பு ஒரே ஒரு கல்லூரியில்தான் இருந்தது. அதற்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும், விடுதியில் தங்க வேண்டும்.

"அந்தச் சிப்பிக் கல்லைப் பத்திச் சொல்லேன்டி."

"அதெல்லாம் சொன்னா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுமே. சிரிக்கிறவன் முழிச்சிக்கிட்டுதானே இருப்பான்?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"நான் போனப்புறம் வீடு நிறைய ஆளுங்க வருவாங்க."

"அம்மா!"

"கத்தாத, ஆஸ்பத்திரி. யாராவது உன்னை டீ போடச் சொல்லுவாங்க. போடாத."

"டீ தானேம்மா?"

"முதல் நாள் டீதான். அப்புறம் சோறு, அப்புறம் தங்கச்சி, அப்புறம் உங்கப்பா. எங்கம்மா செத்த அன்னிக்கு நானும் டீதான் போட்டேன். அதோட பள்ளிக்கூடம் போச்சு. அடுப்படிக்குள்ள காலே வைக்காத. சரின்னு சொல்லு."

"சரி."

"சத்தமா."

"சரிம்மா!"

அன்று சாயங்காலம் பெரியவள் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தபோது நர்ஸ் அந்தக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வெந்நீரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, வந்த வேகத்திலேயே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. ராத்திரி முழுக்கச் சின்னவளை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தவள் அவள்தான். ஆனால் அவளுக்கு எதிலும் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

"இங்கயே பக்கத்துல ஒரு காலேஜ் இருக்கு. காலையில சமைச்சு வச்சிட்டுப் போனா மத்தியானம் வந்துடலாம். கல்லு மண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? சின்னதுக்கு யாரு தலை பின்றது? என் தம்பி வெல்டிங் பட்டறையிலேருந்து வந்து பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்கணுமா?"

கூட்டம் தலையாட்டியது. அப்பா மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பெரியவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. நிரந்தரமாகக் கருகிய கையும், பேசாத வாயும். போன மாதம் மணிக்கட்டில் புதிதாக ஒரு கொப்புளத்தோடு வந்து நின்றபோது, "வெல்டருக்குச் சூடு புதுசா?" என்று அம்மா கேலி செய்தாள். அதற்கும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் தொண்டை காயுது. ஏண்டி, எந்திரிச்சு ஒரு டீயப் போடேன்" என்றாள் அத்தை.

வந்துவிட்டது. பெரியவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருப்பதுதான் சுலபம். பால் பொங்குவதற்குள் எல்லோரும் அவளை நல்ல பெண் என்று சொல்லிவிடுவார்கள். கால் தானாகவே எழப் பார்த்தது. விரல்களை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான்."

"நான் போடல அத்தை."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். "செத்தவளுக்கு ஏத்த பொண்ணு" என்று ஒரு குரல் வந்தது. அது திட்டா பாராட்டா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. "கல்லுளிமங்கி" என்று சொல்லிவிட்டு அத்தையே எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

உள்ளே டப்பாக்கள் உருண்டன. "டீத்தூள் இருக்கு, சர்க்கரையக் காணோமே! எங்கடி வச்சிருக்கா உங்கம்மா?"

பெரியவளுக்கே தெரியாது. கொஞ்ச மாதங்களாக அம்மா அவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. பள்ளி விட்டால் நேரே நூலகம், அதைப் பூட்டிய பிறகுதான் வீடு. சீக்கிரம் வந்துவிட்ட ஒரு நாள், நோயாளி அம்மா வாசலிலேயே மறித்து, "படிக்கிறதுக்கு அங்க இடம் இல்லையா?" என்று விரட்டினாள். இருக்கப்போகிற கொஞ்ச நாளில்கூடத் தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லையே என்று நூலகத்து மேசையில் கவிழ்ந்து அழுதிருக்கிறாள்.

"பாலு பொங்குது! சர்க்கரை எங்கடி?"

அப்பா எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பெரியவள் இருந்த இடத்திலிருந்து உள்ளே நன்றாகத் தெரிந்தது. அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு மேல்தட்டைப் பார்க்காமலே கையை உயர்த்தி, பிடி உடைந்த பழைய குக்கரை இறக்கி மூடியைத் திறந்தார். எறும்புக்கும் சின்னவளுக்கும் பயந்து அம்மா ஒளித்து வைத்திருந்த சர்க்கரை அதற்குள் இருந்தது.

"நீ தள்ளுக்கா" என்றார்.

"உனக்கு என்னடா தெரியும்?"

அவர் டீத்தூளைப் போட்டார். பொங்கி வந்ததைக் கரண்டியால் அடக்கினார். பாத்திரத்தைச் சேலைத் துணியால் பிடித்து இறக்கும்போது மணிக்கட்டை மட்டும் ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்துக்கொண்டார். அங்கே ஒருமுறை பட்டிருக்கிறது என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பட்டறையில் பட்ட சூடு அல்ல.

டம்ளர்கள் கூடத்துக்கு வந்தன. சின்னவள் ஊதி ஊதி ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லப்பா. அன்னிக்கு மாதிரி தீயல" என்றாள்.

"என்னிக்கு மாதிரிடி?" என்றாள் அத்தை.

"அம்மா கட்டில்லேருந்து சொல்லச் சொல்ல அப்பா செய்வாரு. சோறு, குழம்பு எல்லாம். எனக்கு ரெட்டைச் சடை கூடப் போட்டாரு, கோணலா. அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா அவளும் வந்து கரண்டியத் தூக்கிப்பாளாம்."

பெரியவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நூலகத்தில் அழுத அழுகை இல்லை இது. அம்மா துணி எடுத்து வைக்கவில்லை, பெட்டி வாங்கவில்லை, மகள் கல்லூரிக்குப் போக இதைத்தான் ஆயத்தம் செய்திருக்கிறாள்.

அப்பா கடைசி டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தார். திரும்பிப் போகாமல், அம்மா காய் நறுக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கரி படிந்த கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, நீ எதுக்கு இந்தப் படிப்பு படிக்கணும்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சின்ன வயசுல ஒரு கல்லை உடைச்சேன். உள்ள..."

"சத்தமா சொல்லு" என்றார் அப்பா. "மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்க."

"சின்ன வயசுல ஒரு கல்லை உடைச்சேன்" என்றாள் பெரியவள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "உள்ள ஒரு சிப்பி இருந்துச்சு. எங்க ஊர்ல கடலே கிடையாது. அது எப்படி அங்க வந்துச்சுன்னு கேட்டேன், யாருக்கும் சொல்லத் தெரியல. அதை நான் தெரிஞ்சுக்கணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை மிச்சம் இருந்த டீயை ஒரே வாயில் குடித்தாள். வழக்கமாக நீட்டுவதுபோல் காலி டம்ளரைப் பெரியவள் பக்கம் நீட்டியவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, கழுவுவதற்குத் தானே எழுந்து போனாள்.