யார் கையில் முதல் காப்பு

சேரப்பணஞ்சேரி திரௌபதியம்மன் கோயில் வாசலில் பம்பைக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடிக்காதா பின்னே? மகள் கங்கா அம்மை கண்டு, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டவள். பிள்ளை எழுந்து ஓடியாடி வருஷக்கணக்காகிறது. வேண்டுதல் மட்டும் அப்படியே நிற்கிறது.

திருவிழா நடந்தால்தானே மிதிப்பதற்கு? அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் மனிதர்களில் முதல் காப்பு வடக்குத் தெருவுக்கா, தெற்குத் தெருவுக்கா என்று தீராத சண்டை. காப்புக் கட்டாமல் கொடி ஏறாது, கொடி ஏறாமல் திருவிழா கிடையாது. வடக்குத் தெருவுக்குப் பெரியதனம் அவள் அண்ணன் கோதண்டராமன். தெற்குத் தெருவுக்கு அவள் புருஷன் தணிகாசலம். நல்ல ஜோடி, போங்கள்!

இந்த வருஷம் பேசி முடித்தாயிற்று என்றுதான் ஊரே நம்பியது. பூசாரி அம்மனுக்குக் கட்டிவிட்டு, மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றோடு வெளியே வந்தார். இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன.

"எனக்குக் கட்டு" என்றார் தணிகாசலம்.

"வடக்குத் தெருவுக்குத்தான் மொதல்ல" என்றார் கோதண்டராமன்.

பூசாரி விழித்தார். "ராகு காலம் பொறக்கப் போவுது. அப்பால கொடி ஏத்த முடியாது, சொல்லிட்டேன்."

பாஞ்சாலி அதற்குமேல் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"பூசாரி, ரெண்டு கையையும் ஒரே கயித்துல சேத்துக் கட்டு."

"இன்னாம்மா சொல்ற?"

"கட்டுன காப்பைத் தீமிதி முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது இல்ல? மாமனும் மச்சானும் ஒண்ணாவே துன்னுகினு, ஒண்ணாவே படுத்துகினு கெடக்கட்டும்."

"ஏரிக்கரைக்கும் ஒண்ணாத்தான் போவணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பூசாரி கயிற்றைப் பிரித்தபடி நிஜமாகவே கிட்டே வந்தார். தணிகாசலம் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார். "மச்சானுக்கே மொதல்ல கட்டு."

"எனக்கு இன்னாத்துக்கு? அவருக்கே கட்டு" என்று கோதண்டராமனும் பின்வாங்கினார்.

"நல்லாக் கீது நாயம். அப்ப எனக்குக் கட்டு" என்று பாஞ்சாலி தன் கையை நீட்டினாள்.

பூசாரி யாரையும் கேட்கவில்லை. மளமளவென்று கட்டி முடிச்சுப் போட்டார். அவளுக்குப் பின்னால் அண்ணனும் புருஷனும் சத்தமில்லாமல் கை நீட்டி நின்றார்கள். கொடி விறுவிறுவென்று ஏற, "கோவிந்தா" என்று ஊர் முழங்கியது. பாஞ்சாலியும் கத்தத்தான் வாயைத் திறந்தாள். சந்தோஷத்தில் அழுகைதான் வந்தது.