மருதாயி சொன்ன வார்த்தை

குன்னூர் கோர்ட்டில் வக்கீல் தபித்தாளுக்கு ‘தந்தி’ என்று ஒரு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். கட்சிக்காரர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்து வைப்பது அவள்தான். சாட்சி மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி போய் விழுந்துவிடும். 1979ஆம் வருஷத்தில் அந்தக் கோர்ட்டில் இருந்த ஒரே பெண் வக்கீல் அவள். நிதானமாகப் பேச ஆரம்பித்தால் நடுவிலேயே யாராவது குறுக்கே புகுந்துவிடுகிறார்கள் என்பதை முதல் வருஷத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று பிடித்த வேகம் பிறகு விடவேயில்லை.

அந்த வேகத்தால் அந்த வருஷம் ஜனவரியில் ஒரு பஸ் விபத்து வழக்கில் தோற்றுப் போயிருந்தாள். டிரைவருக்காக ஆஜரானவள் அவள். ஹாரனே அடிக்கவில்லை என்று சொன்ன சாட்சி, விபத்து நடந்தபோது டீக்கடைக்குள் இருந்தார் என்பதை அவர் வாயிலிருந்தே அழகாக வாங்கிவிட்டாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். “பின்னே எப்படி ஹாரன் அடிக்கலைன்னு சொல்றீங்க?” என்று கேட்டாள். “அதே பஸ்ல வந்துதானுங்க டீ குடிக்க எறங்கினேன். மேட்டுப்பாளையத்துல இருந்தே அந்த ஹாரன் வேலை செய்யல” என்றார் சாட்சி. டிரைவருக்கு ஆறு மாதம் தண்டனை. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் தந்தி ஆனாள்.

மருதாயி வந்தது ஜூன் மாத மழையில். கோத்தகிரி சாலையில் மேற்பாறை எஸ்டேட்டில் வேலை செய்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் நாலு மாதம் கிடந்து, புருஷன் தங்கையாவோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். அவள்மேல் கொலைமிரட்டல் வழக்கு. கையில் அரிவாளோடு, எஸ்டேட் சூப்பர்வைசர் நாச்சிமுத்துவைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து ‘எல்லாரையும் வெட்டுங்க’ என்று சொன்னாள் என்பது புகார். தண்டனை வந்தால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வெளியே சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்த மலையில் அவளுக்கு யாரும் இல்லை.

கோர்ட்டு வராந்தாவில், மழைச் சத்தத்துக்கு நடுவே தபித்தாள் விசாரித்தாள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“அன்னைக்கு புல்லு வெட்டுற வேலைங்க. மத்தியானம் பெரட்டுக்கு, ஆளு கணக்கு எடுக்குற எடத்துக்குப் போறப்ப மழை புடிச்சிக்கிச்சு. அப்ப இந்த சின்னம்மை இருக்காளே...”

“அதெல்லாம் அப்புறம். கையில அரிவாள் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. புல்லு வெட்டுற...”

“வெட்டுங்கன்னு சொன்னீங்களா? ஆமாவா, இல்லையா?”

மருதாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். “சொன்னேங்க” என்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

தபித்தாள் கேஸ் கட்டை மூடினாள். அவளுடைய குமாஸ்தா முகமது யூசுப் ஊட்டி மார்க்கெட் பக்கத்து ஆள். கோர்ட்டுக் காற்றிலேயே பதினைந்து வருஷம் இருந்தவர். மருதாயியும் தங்கையாவும் மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேஸ் முடிஞ்சுது யூசுப். அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டு, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.”

“சரிங்க மேடம். ஆனா அந்தம்மா என்னமோ சொல்ல வந்துச்சு.”

“என்ன சொல்ல வந்துச்சு?”

“அது எப்படிங்க மேடம் எனக்குத் தெரியும்? நீங்கதான் சொல்லவே உடலியே.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் தபித்தாள் சண்டைக்குப் போயிருப்பாள். யூசுப் நக்கலாகச் சொல்லவில்லை. சொன்ன கையோடு அடுத்த கேஸ் கட்டை எடுத்து நீட்டினார். அன்று முழுக்க அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ‘சொன்னேங்க’ என்ற அந்தக் குரலில் பயமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. போதும் உன்னோடு பேசினது என்கிற மாதிரி இருந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோத்தகிரி பஸ் ஏறினாள். லயம் எஸ்டேட் கேட்டிலிருந்து ஒரு மைல் இறக்கம். செருப்பில் சேறு அப்பிக்கொள்ள அவள் போய் நின்றபோது மருதாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எழுந்து, ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். பேணி என்ற தகரக் குவளையில் தேத்தண்ணி வந்தது. பால் இல்லை. கடித்துக்கொண்டு குடிக்க, உள்ளங்கையில் தனியாகக் கருப்பட்டித் துண்டு.

“அன்னைக்கு நான் உங்களைப் பேச விடலை. தப்புதான். இன்னைக்கு நான் வாயே தொறக்கல. நீங்க சொல்லுங்க” என்றாள் தபித்தாள்.

மருதாயி பிளந்த விறகை ஓரமாகத் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள். எங்கிருந்தோ ஆரம்பித்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம், அங்கே பிறந்து செத்த இரண்டு பிள்ளைகள், கப்பலில் தங்கையா எடுத்த வாந்தி, முகாமில் வரிசை, இங்கே வந்த முதல் நாள் ‘சிலோன்காரங்க’ என்று கடையில் விலக்கி நிறுத்தியது. தபித்தாளின் நாக்கு நுனியில் கேள்விகள் வந்து வந்து நின்றன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

“அங்கயும் கஷ்டந்தாங்க. விடியக்கால பெரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்திப் போனா கணக்கப்புள்ள பேர வெட்டிப்புடுவாரு. ஆனா மழைக்கு ஒதுங்கினவ பேர அங்ககூட வெட்ட மாட்டாங்க. இங்க இந்த ஐயா ஏழு பேரோட பேர வெட்டிட்டாரே. எனக்கு மனசு ஆறல.”

தபித்தாள் பேணியைக் கீழே வைத்தாள். பாய்ந்து கேட்க வேண்டும் போல இருந்தது. மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“பேரை எதால வெட்டுவாங்க?”

மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது என்னங்க கேள்வி? பேனாவாலதான். பேர அருவாளாலயா வெட்டுவாங்க?”

பிறகு எல்லாம் வந்தது. சின்னம்மையும் இன்னும் ஆறு பேரும் மழைக்கு ஷெட்டில் ஒதுங்கி அரைமணி தாமதமாக வந்தார்கள். நாச்சிமுத்து அந்த ஏழு பேரின் மத்தியான வேலையைச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டார். மருதாயி அந்த ஏழில் ஒருத்தி இல்லை. மழையிலேயே நின்று புல் வெட்டியவள் அவள். ஏழு பேருக்காகக் கேட்கப் போனவள். ‘வெட்டுறதுன்னா எல்லாரையும் வெட்டுங்க’ என்று சொன்னது, எங்கள் எல்லார் பெயரையும் அடித்துவிடுங்கள் என்ற அர்த்தத்தில். இந்த மலையில் அதை ‘ஆப்சென்ட் போடறது’ என்பார்கள். நாச்சிமுத்து பொள்ளாச்சிக்காரர். அவர் காதில் ‘வெட்டு’ என்ற ஒரு சொல்லும், கண்ணில் எட்டு அரிவாளும்தான் பட்டிருக்கின்றன.

திரும்பி வரும் பஸ்ஸில் தபித்தாள் யோசித்துக்கொண்டே வந்தாள். இது மருதாயி சொல்லும் விளக்கம் மட்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொன்னாலும், தப்பிக்கச் சொல்கிறாள் என்பார்கள். அந்த அர்த்தம் நாச்சிமுத்து வாயிலிருந்தே வர வேண்டும். மிரட்டினால் வராது. மிரட்டுகிற ஆளைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிற மனுஷர் என்று மருதாயியே சொல்லியிருந்தாள். மறுநாள் செக்ரோலைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர உத்தரவிடும்படி ஒரு மனு போட்டாள். வேறெதுவும் செய்யவில்லை. மருதாயிக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. “ஜட்ஜ் கேட்டா, எங்கிட்டச் சொன்ன பேச்சுலயே சொல்லுங்க. கோர்ட்டுக்குன்னு தனியா பேச்சு வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஆகஸ்டில் விசாரணை வந்தது. நாச்சிமுத்து சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் புகாரில் உள்ளபடியே சொன்னார். தந்தி எழுந்தால் வேடிக்கையாக இருக்கும் என்று இரண்டு இளம் வக்கீல்கள் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தபித்தாள் எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“வணக்கமுங்க. எஸ்டேட்டுல எத்தனை வருஷமா இருக்கறீங்க?”

நாச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. “வர்ற தையோட இருபத்திரண்டு வருசமாகுதுங்க.”

“உங்க கீழ எத்தனை பேர்?”

“அறுபது பேருங்க. சீசன்ல எண்பதுகூட ஆகும்.”

“அத்தனை பேரும் உங்க பேச்சைக் கேட்பாங்களா?”

“கேக்காம என்னுங்க? நானும் ஒருத்தரையும் மரியாதைக் கொறச்சலாப் பேசறதில்லீங்க.”

“அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“நம்மூர் ஆளுங்க மேஸ்திரிம்பாங்க. இந்த சிலோன்காரங்க ஐயாம்பாங்க. அவுங்களுக்கு அந்தப் பழக்கமுங்க.” சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“ஒருத்தருக்கொருத்தர் அப்படிக் கூப்பிட்டுக்குவாங்களா?”

“ச்சேச்சே. பொம்பளைங்க அக்கா, புள்ளைன்னு கூப்புட்டுக்குவாங்க. அங்க ஐயான்னா நான் ஒருத்தன்தானுங்க.”

“மருதாயி கோபமா இருந்த அன்னைக்கு மரியாதை விட்டுப்போச்சா?”

“இல்லீங்க. பொய் சொல்லக் கூடாது. அன்னைக்கும் ஐயான்னுதான் சொன்னா.”

தபித்தாள் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். “கனம் கோர்ட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சாட்சி அடுத்துச் சொல்வதை அவர் வாயில் வந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல் பதிவு செய்ய வேண்டும்.” மாஜிஸ்திரேட் தலையசைத்து எழுத்தரைப் பார்த்தார்.

“நீங்க உண்மை பேசற மனுஷர். அதனால கேட்கறேன். அந்தம்மா சொன்னது என்ன? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். அந்த மழையும் அந்தக் குரலும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். திறந்த மனதோடு, மருதாயியின் ராகத்திலேயே சொன்னார்:

“‘வெட்டுங்க ஐயா, வெட்டுறதுன்னா எல்லாரையும் வெட்டுங்க ஐயா’ன்னா.”

எழுத்தரின் பேனா ஓடியது. மாஜிஸ்திரேட் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். ஐயா என்றால் அங்கே அவர் ஒருத்தர்தான். அப்படியானால் வெட்டச் சொன்னது அவரிடம்தான். தன்னைச் சூழ்ந்து நின்றவர்களை வெட்டும்படி தன்னிடமே கெஞ்சியதை, தன்னைக் கொல்லப் போட்ட உத்தரவு என்று ஒரு மனுஷர் புகார் கொடுத்திருக்கிறார்.

தபித்தாளின் தொண்டையில் அடுத்த கேள்வி ஏறி நின்றது. ‘அப்புறம் எப்படி உங்களை மிரட்டினாங்கன்னு சொல்றீங்க?’ கேட்டால் அவர் யோசிப்பார். யோசித்தால் கையிலிருந்த அரிவாளைச் சொல்வார், முகத்தைச் சொல்வார், ஏதாவது சொல்வார். பின்பெஞ்சு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தது. நாச்சிமுத்துவே காத்திருந்தார்.

“ரொம்ப நன்றிங்க. வேறு கேள்வி இல்லை” என்று சொல்லி உட்கார்ந்தாள். பக்கத்தில் யூசுப், எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த செக்ரோலை ஓசைப்படாமல் அவள் பக்கம் நகர்த்தினார்.

மருதாயியின் முறை வந்தபோது மாஜிஸ்திரேட்டே, தபித்தாள் கொடுத்த செக்ரோலை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். “வெட்டுங்கன்னு எதைச் சொன்னே?”

“எங்க பேரைத்தாங்க நீதிபதி ஐயா. சிலோன்ல பேரு வெட்டுறதும்பாங்க. மழைக்கு ஒதுங்கின ஏழு பொம்பளைகளோட பேர வெட்டிட்டாரு. நான் ஒதுங்கல, என் பேரு இருந்துச்சு. அவளுக பேரு இல்லாத எடத்துல எனக்கு மட்டும் எதுக்குங்க பேரு? அதான் எல்லாரையும் வெட்டுங்கன்னேன்.”

மாஜிஸ்திரேட் புரட்டினார். அந்தத் தேதியில் ஏழு பெயர்கள்மேல் சிவப்பு மையில் ஏழு கோடுகள் இருந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எட்டாவதாக மருதாயியின் பெயர், கோடு இல்லாமல்.

பதினைந்து நாள் கழித்துத் தீர்ப்பு. மருதாயியோடு அந்த ஏழு பெண்களும் லீவு போட்டு வந்து, சுவரோரமாக ஒட்டி நின்றார்கள். மாஜிஸ்திரேட் வாசித்தார். சொல்லப்பட்ட வார்த்தைகள் மிரட்டல் அல்ல, சக தொழிலாளிகளுக்காக வைத்த வேண்டுகோள். எதிரி குற்றவாளி அல்ல, விடுதலை. ‘விடுதலை’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்ததும் சின்னம்மை கோர்ட்டு என்றும் பார்க்காமல் குலவை போட்டுவிட்டாள். டவாலி அதட்ட வாயெடுத்தார். மாஜிஸ்திரேட் அதைக் கேட்காதவர் போல அடுத்த கட்டைப் பிரித்தார்.

படியில் நாச்சிமுத்து காத்து நின்றார். “நெசமாலுமே அருவாளைத்தான் சொல்றான்னு நெனச்சனுங்க. பயந்துட்டேன்” என்றார் மருதாயியைப் பார்க்காமல்.

“நானுந்தாங்க பயந்துட்டேன். போலீஸ் வேன்ல ஏத்தினப்ப” என்றாள் மருதாயி. “நாளைக்குப் பெரட்டுக்கு வர்றேன். பேரு போடுங்க.”

“போடறேன். அந்த ஏழு பேருக்கும் மேனேஜர்கிட்டச் சொல்லித் திருத்தறேன்” என்றார் அவர்.

அரசு வக்கீல் தபித்தாளின் பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க அன்னைக்கு உட்கார்ந்தீங்களே மேடம், அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று சொல்லி, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். பின்பெஞ்சு இளைஞர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“வக்கீலம்மாவுக்கு இன்னைக்கு எங்க லயத்துலதான் சோறு” என்று மருதாயி அவள் கையைப் பிடித்தாள். தபித்தாள் யூசுப்பைப் பார்த்தாள். “போய்ட்டு வாங்க மேடம். மத்த கேசுக்கெல்லாம் நான் வாய்தா வாங்கிக்கறேன்” என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

கோத்தகிரி பஸ்ஸில் உட்கார இடமில்லை. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில், கறுப்புக் கோட்டோடு தபித்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருதாயி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கோர்ட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாச்சிமுத்து மாதிரி கண்ணை மூடினாள், மாஜிஸ்திரேட் மாதிரி இல்லாத கண்ணாடியைக் கழற்றினாள். ஏழு பேரும் இடையிடையே விட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். வேறு எஸ்டேட்டு இறக்கத்தில் இறங்க வேண்டியவர்கள்கூட இறங்காமல் கேட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, “அப்புறம் வக்கீலு என்ன கேட்டாங்க?” என்றார்.

“ஒண்ணும் கேக்கல! நன்றிங்கன்னு சொல்லிட்டு ராணி மாதிரி உக்காந்துக்கிட்டாங்க. இதோ, இவங்கதான்!”

பஸ்ஸில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின. வளைவில் பஸ் சாய்ந்தபோது யாரோ ஒரு கிழவர் எழுந்து தபித்தாளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்ட சரிவில் தேயிலை பளபளவென்று மின்னியது. மருதாயி கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க, எல்லாரோடும் சேர்ந்து தபித்தாளும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மலையேறினாள்.